எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஜின், இந்தப் பக்கம் எலுமிச்சை

ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னமும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் என் வலது கை தானாக எழுந்து அடுப்படி மூலையில் எதையோ திறக்கப் போகிறது. அங்கே திறக்க ஒன்றும் கிடையாது. சாமை மூட்டை இருக்கிறது, அதன்மேல் முறம் இருக்கிறது. சைப்ரஸ் வீட்டில் அந்த மூலையில் பிரிட்ஜ் நிற்கும். ஆறு மணிக்கு அதன் மேல்கதவைத் திறந்து, காலையிலேயே உள்ளே வைத்த கண்ணாடிக் கோப்பையைக் காம்பில் பிடித்து எடுப்பேன். பனி பூத்து வெள்ளையாக இருக்கும். ஏழு வருஷம் செய்து பழகிய கை, எங்கள் மலையின் குண்டூர் நாட்டுக்கு வந்த பிறகும் விடமாட்டேன் என்கிறது. முறத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “என்ன புள்ள, மொறத்துக்கு ஆசீர்வாதம் பண்றியா?” என்கிறார்.

நான் எட்டாவது வரை படித்தவள். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். பிள்ளைகள் மேலே படிக்க வேண்டும் என்பதற்காகச் சேலத்தில் ஒரு ஏஜென்சி வழியாக சைப்ரஸுக்கு வீட்டு வேலைக்குப் போனேன். கடலுக்கு நடுவே இருக்கிற தீவு அது. ஆனால் நான் இருப்பது அந்தத் தீவின் மலைமேல். வளைவு வளைவாக ரோடு ஏறும்போது முதல் நாளே எனக்கு அழுகை வந்துவிட்டது, நம் ஊர் ரோடு மாதிரியே இருந்ததால். அங்கே டாரத்தி மேடம் என்று எழுபத்தெட்டு வயது ஸ்காட்லாந்து அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் ஹாமிஷ் இறந்துவிட்டார். மேடத்துக்குக் கை நடுங்கும் நோய். சமைப்பது, குளிக்க வைப்பது, மாத்திரை எடுத்துத் தருவது என் வேலை. என் பெயர் பொன்னி. அவர் ‘பானி’ என்பார். அவர்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு அழகி என்று அர்த்தமாம், நான் திருத்தவில்லை.

இத்தனை வேலையோடு இன்னொன்றும் உண்டு. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஜிம்லெட் போட்டுத் தர வேண்டும். ஜின் என்கிற சாராயம் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்த கார்டியல் ஒரு பங்கு, ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்ட வேண்டும். அவ்வளவுதான். டாக்டரும் ஒன்று குடிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். இதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்கிறவள் நான். என் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிற உங்களில் பலபேர் இப்படி ஒன்றை ஊற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். ஊரில் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை. “மேடத்துக்குச் சாயங்காலம் சர்பத் போடுவேனுங்க” என்று போனில் சொல்லி வைத்திருந்தேன்.

போன புதிதில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேடம் பாட்டிலைக் காட்டி, “லைம் கொண்டு வா” என்றார். ஏஜென்சியில் எழுதிக்கொடுத்த வார்த்தைகளில் லெமன் என்றால் எலுமிச்சை, லைம் என்றால் சுண்ணாம்பு. வாசலில் ஒரு எலுமிச்சை மரம் இருந்தது. பழம் ஒவ்வொன்றும் மஞ்சளாய், மாங்காய் அளவு. அங்கத்தி வழக்கப்படி மரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வெற்றிலை இல்லாமலே சுண்ணாம்பு போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மரத்தடியில் கரண்டியால் சுரண்டி, ஒரு சாசரில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். மேடம் அதைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கணவர் போனபின் அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று பிறகொரு நாள் சொன்னார். கடைசியில் அவர் கேட்டது கடையில் விற்கிற சின்னப் பச்சைப் பழம். அதுதான் நம்ம எலுமிச்சை! கீழே கடைக்காரரிடம் போய்க் கேட்டால், “லெமோனியா? உங்கள் வீட்டிலேயே மரம் இருக்கிறதே?” என்று வாரா வாரம் என்னைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார். லெமோனி வேறு, நான் கேட்பது வேறு என்று அவருக்கு விளங்க வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அந்தப் பச்சைப் பழத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மன் ஞாபகம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை எலுமிச்சை மூடியைப் பிழிந்து, தோலைக் குப்புறத் திருப்பி, நெய்விட்டுத் திரி போட்டு விளக்கு வைக்கிறவர்கள் நாம். அங்கே பிழிந்த தோல் தினமும் குப்பைக்குப் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. சாராயத்துக்குப் பிழிந்த மூடியில் சாமிக்கு விளக்கு வைக்கலாமா? யாரிடம் கேட்பது? போனில் வீட்டுக்காரரிடம், “சர்பத்துக்குப் புழிஞ்ச தோல்ல வெளக்கு வெக்கலாமுங்களா?” என்றேன். “சர்பத்துத்தானே, தாராளமா வை” என்றார். அது பாதிப் பொய்யில் வாங்கிய உத்தரவு. அதனால் நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். குளித்துவிட்டு, அம்மனுக்கு என்று சொல்லி முதலில் பழத்தை அறுப்பேன். தோல் விளக்குக்குப் போகும். சாறு கார்டியலுக்குப் போகும்.

இந்த வருஷம் மேடமும் என்னோடு புறப்பட்டார். நான் சொல்கிற மலை நிஜமா என்று பார்க்க வேண்டுமாம். நாங்கள் வந்த அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக்கட்டு, திருவிழாவுக்கு முன்னால் கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்கிற நாள். காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை ஊருக்குள் கறி கிடையாது, குடி கிடையாது. கட்டியவர்கள் இரவு வெளியூரில் தங்கக் கூடாது. ஏழு வருஷமாக என் கையில் காப்பு இல்லை. இந்த வருஷம் கட்டி மாவிளக்கு எடுக்க வேண்டும் என்று வேண்டியிருந்தேன். அதற்காகவே தேதி பார்த்து டிக்கெட் போட்டது.

அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து முருகேசன் என்கிற தம்பிதான் ஜீப் ஓட்டிவந்தார். ஊர் எல்லைக்கல்லில் வீட்டுக்காரர் மஞ்சள் வேட்டியோடு நின்றிருந்தார். மேடம் இறங்கியதும் ஏர்போர்ட்டில் வாங்கிய பையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். பச்சைப் பாட்டில், அதில் எலுமிச்சை இலை படம். இவரும் பயபக்தியாக வாங்கி, “சர்பத்துங்களா?” என்றார். முருகேசன் எட்டிப் பார்த்தார். “சர்பத்து இல்லீங்கண்ணா, இது சரக்கு. வெளிநாட்டுச் சரக்கு!” வீட்டுக்காரர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதானா புள்ள உன்ற சர்பத்து?”

“மூணுல ஒரு பங்கு சர்பத்துத்தானுங்க” என்றேன்.

அவர் பாட்டிலை முருகேசனிடம் கொடுத்து, “நோம்பி முடியற வரைக்கும் இது கல்லுக்கு இந்தால வரக்கூடாது. நீயும் தொறந்துராதப்பா” என்றார். “அம்மன் மேல சத்தியமுங்க” என்று முருகேசன் அதை சீட்டுக்கு அடியில் வைத்தார். அன்று சாயங்காலம் பூசாரி என் கையில் மஞ்சள் நூலைக் கட்டும்போது எனக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது. கோயிலிலிருந்து வரும் வழியில் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “அப்ப அந்த வெளக்கு?” நான் என் முறையைச் சொன்னேன், அம்மனுக்கு என்று சொல்லித்தான் முதலில் அறுப்பேன் என்று. “அப்படின்னா உன்ற மேடம் ஏழு வருசமா அம்மன் பிரசாதத்தத்தான் குடிச்சிருக்குது” என்றார். அவர் கோபம் அவ்வளவுதான்.

மேடத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். காப்பு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டார். “தண்ணீர் போதும், பானி” என்றார். மறுநாள் ஆறு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரோடு மேற்கே பார்த்து உட்கார்ந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. எழும்போது மட்டும், “வியாழக்கிழமை...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை ஹாமிஷ் இறந்த நாள். வருஷா வருஷம் அன்றைக்கு அவர் பெயரைச் சொல்லி ஒரு ஜிம்லெட் குடிப்பார். அவர்கள் வழக்கத்தில் அதுதான் திதி.

என் அப்பா இங்கே செத்தபோது எனக்கு வர வழியில்லை. எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்றேன். மேடம் மறுபேச்சில்லாமல் டாக்ஸி வைத்து விடியற்காலையில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். முதல் நாளே கறுப்பு எள் வேண்டும் என்று கடை கடையாகப் போன் செய்தார். ஒரு கடைக்காரர் கருஞ்சீரகத்தைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் ரொட்டியில் தூவுகிறது அது. அதையே எள் என்று நினைத்துத் தண்ணீரோடு விட்டேன். பெண்பிள்ளை விடலாமா என்று கேட்க அங்கே யாருமில்லை. நான் கடலைவிட்டு வரும்வரை அந்தக் குளிரில் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். அப்படிப்பட்டவருக்கு, என் வீட்டில், அவர் புருஷனின் நாளை இல்லாமல் பண்ணுவதா? பண்ணினால் காப்பு என்னாவது? ஏழு வருஷம் காத்துக் கட்டியது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “திதின்னா குடுத்துத்தான் ஆகோணும்” என்றார் உடனே. “ஆனா ஊட்டுல முடியாது புள்ள.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போனார். அவர் என்ன சொன்னார் என்பதை இவர் வந்து அப்படியே நடித்துக் காட்டினார். “எல்லைக்கு அந்தால அவிங்க சாமிக்கு அவிங்க என்னமோ பண்ணட்டும். பாவம், வயசானவங்க. ஆனா காப்புக் கட்டுன கை பாட்டிலத் தொடப்படாது. காப்புக் கட்டுன காலு கல்லத் தாண்டப்படாது. அவ்வளவுதான்.”

புதன்கிழமையே கார்டியல் போட்டேன். எங்கள் வீட்டு எலுமிச்சை, பெரிய பழமாக எட்டு. தோலின் பச்சையை மட்டும் சீவிச் சர்க்கரையில் போட்டுக் கையால் நன்றாகப் பிசறி இரவு மூடிவைத்தால் காலையில் சர்க்கரை நீர்விட்டிருக்கும். அதில் சாறு ஊற்றி வடிகட்டினால் முடிந்தது. அங்கே கடைச் சர்க்கரை கரையும் வேகத்துக்கு இங்கே மலைக்குளிரில் கரையவில்லை, அடுப்போரம் நகர்த்தி வைத்தேன். வீட்டுக்காரர் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீர் கலந்து குடித்தார். “நல்லாத்தான் இருக்குது. இதோட நிறுத்தியிருக்கலாம் அவிங்க” என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மேடத்துக்கு பிளாஸ்டிக் நாற்காலி. இந்தப் பக்கம் நானும் வீட்டுக்காரரும். முருகேசன் செம்மேட்டில் கூல்டிரிங்ஸ் கடையில் ஐஸ் வாங்கி பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தார். அளக்க அவருக்கும் எனக்கும் ஆளுக்கொரு டானிக் பாட்டில் மூடி. பாட்டிலை என் கண்ணெதிரே தூக்கிப் பிடித்தார்.

“சீல் அப்படியே இருக்குதுங்க்கா, பாத்துக்கங்க. நாலு நாள் சீட்டுக்கு அடியில வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“அம்மன் உங்களுக்கு நல்ல வழி காட்டுவாளுங்க தம்பி. அந்த டானிக் மூடியால ஆறு மூடி ஊத்துங்க.”

“மூடியாலயா? எங்கூர்ல இத இப்படி அளந்தா அடிக்க வருவாங்க.”

“மருந்துன்னு நெனச்சு ஊத்தப்பா” என்றார் வீட்டுக்காரர்.

முருகேசன் தூக்குப்போசியில், அதாவது தூக்குவாளியில், ஐஸ் போட்டு ஜின்னை ஊற்றிக் கல்லுக்கு நேரே நீட்டிப் பிடித்தார். நான் இந்தப் பக்கமிருந்து மூன்று மூடி கார்டியலை அதில் ஊற்றினேன். போசியை இறுக மூடிக் குலுக்கச் சொன்னேன். “எத்தன தடவைங்க?” “போசி கையச் சுடற மாதிரி ஜில்லுன்னு ஆகற வரைக்கும்.” அவர் குலுக்கிய குலுக்கில் ஜீப்பே ஆடியது. எவர்சில்வர் டம்ளரில் வடித்து மேடத்தின் கையில் கொடுத்தார். நடுக்கத்தில் கொஞ்சம் மண்ணில் சிந்தியது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “அது அவருக்குப் போய்ச் சேந்துருச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேடம் மலையைப் பார்த்து, “ஸ்லாஞ்சே, ஹாமிஷ்” என்றார்.

“மந்திரமுங்களா?” என்றார் முருகேசன்.

“ஆமாங்க” என்றேன். ஸ்காட்லாந்தில் குடிக்கும்போது சொல்கிற வார்த்தை அது, ஆரோக்கியமாக இரு என்று. மந்திரமும் அதைத்தானே சொல்கிறது?

அவர் அவசரமில்லாமல் குடித்தார். எப்படி இருக்கிறது என்று சைகையில் கேட்டேன். “எவர்சில்வர் வாசம் வருகிறது. ஹாமிஷுக்குப் பிடித்திருக்கும்” என்றார். முடித்தபோது வெயில் இறங்கியிருந்தது. கோயிலில் மேளம் ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் காப்புக் கட்டியவர்கள் கோயிலுக்குப் போய்விட வேண்டும். “வா புள்ள, மாவிளக்குக்கு நேரமாச்சு” என்று வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். அதே நேரம் மேடம் எழுந்திருக்கக் கையை நீட்டினார். தாங்க வந்த முருகேசனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். தினமும் என் கையைப் பிடித்துத்தான் எழுந்து பழக்கம். நான் காலைக் கல்லோரமாக நன்றாக ஊன்றிக்கொண்டு, கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினேன். அவர் எட்டிப் பிடித்தது காப்புக் கட்டிய மணிக்கட்டை. அவர் நடுக்கம் என் தோள்வரை ஏறியது. முதுகுப் பக்கம் மேளம் வேகமெடுத்தது. அவர் முழுதாக நிமிர்ந்து நிற்கிறவரை நான் விடவில்லை, அவரும் விடவில்லை. கையை எடுத்தபோது காப்பின் மஞ்சள் அவர் விரல்களில் ஒட்டியிருந்தது. என் மணிக்கட்டில் அவர் டம்ளரின் ஈரம் இருந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே கோயிலுக்கு ஓடினேன்.