மிச்சக் கிலோமீட்டர்

என் அக்கா புருஷனுக்கு கார் ஷோரூமில் வைத்த பட்டப்பெயர் மேனுவல், அதாவது காரோடு வரும் விளக்கப் புத்தகம். புதுக் கார் எடுக்கிறவர்களுக்குச் சாவி கொடுக்கும் முன் எல்லாவற்றையும் விளக்குவதுதான் அவர் வேலை. வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பத் துடிப்பார்கள்; இவர் விடமாட்டார். பெல்ட் போடாமல் ஏர்பேக்கை மட்டும் நம்பினால் அது முகத்தில் குத்து விடும் என்பார். சட்டென்று பிரேக்கை அழுத்தினால், சக்கரம் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலுக்கடியில் உதறும், பயந்துபோய்க் காலை எடுத்துவிடாதீர்கள் என்பார். குழந்தைப் பூட்டு எதற்கென்று காட்ட, தானே பின்சீட்டில் உட்கார்ந்து, உள்ளிருந்து கதவைத் திறக்கப் பார்த்துத் தோற்றுப்போவார். ஒரு நாள் வெளியே நின்றவர்கள் அவரை அப்படியே மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

லீஸுக்குக் கார் கேட்டு வருகிறவர்கள் மாட்டினால் போச்சு. வாடகை வீடு மாதிரி என்று ஆரம்பிப்பார். மாதாமாதம் கட்டினாலும் கார் உங்களுடையது ஆகாது. கீறல் விழுந்தால் உங்கள் பொறுப்பு. பாதியில் திருப்பிக் கொடுத்தால் அபராதம். லீஸ் முடிகிறவரை மொத்தம் இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம், தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்டம் அழவேண்டும்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டு, பஸ் ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, அவரும் ஒரு சின்னக் காரை மூன்று வருஷ லீஸில் எடுத்தார். சம்பளம் மருந்துக்கே சரியாகப் போனது. சொந்தமாக வாங்க வழியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவரே அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிடுவார். கழுத்தில் உரசாமல் இருக்க, தோள்பக்கம் அதன் உயரத்தைக் குறைத்து வைப்பார். அதிலெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து நாலு நாள் இருக்கவேண்டும். நான் முன்னறையைக் காலி பண்ணிக் கட்டில் போட்டேன். அவர் அடுத்த மாசம் என்றார், அப்புறம் பார்க்கலாம் என்றார். காரணம் கேட்டால் கிலோமீட்டர். போனில் அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். அக்காதான் போனை வாங்கி, "விடுடி, மீட்டர் ஓடினா அவருக்குத் தூக்கம் போயிடுது" என்று சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது.

முதல் வருஷம் முடியும் முன்னே அக்கா போய்விட்டாள். அடக்கம் ஆனதும் கிளம்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னேன், கேட்க ஆளில்லாதபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லீஸ் முடிவதற்கு முந்தின நாள் அந்தக் கார் என் வாசலில் வந்து நின்றது. அவர் மட்டும் இறங்கினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"இப்ப மட்டும் கிலோமீட்டர் எங்கேருந்து வந்துச்சு அத்தான்?"

"நிறைய மிச்சம் இருக்கும்மா. பாதிகூட ஓடல. நாளைக்கு வண்டியத் திருப்பிக் கொடுக்கணும். மிச்சத்துக்கு அவங்க ஒண்ணும் தரமாட்டாங்க."

அப்படியானால் அவளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன். மணிக்கணக்கில் பேசுகிற மனிதர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"போகப் போக ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வரவேண்டியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. கடைசி வருஷம் பத்தாமப் போயிடக் கூடாதுன்னு கிலோமீட்டர மிச்சம் பிடிச்சு வச்சேன். மூணு வருஷமும் அவ இருப்பான்னு வச்சுத்தான்மா கணக்குப் போட்டேன்."

கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நான் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் இருப்பாள் என்று நம்பியது அவர் ஒருவர்தான்.