ஒரு கப் வரைக்கும்

லாரிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் டன். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவான். சரக்குக் கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையின் முனையில், லாரி ஏறி நிற்கிற இரும்பு எடைமேடை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் எடை எழுதுகிறவனுக்குக் கண்ணாடி வைத்த சின்ன அறை. அந்த அறைக்குள் டன் நுழைந்தானா, அல்லது அவன் உட்கார்ந்த பிறகு சுற்றிலும் சுவர் எழுப்பினார்களா என்பதில் லாரிக்காரர்களுக்குள் இரண்டு கட்சி.

அவன் உட்கார்ந்து முறித்த நாற்காலிகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சினிமாக் கொட்டகை நடத்தியிருக்கலாம். அந்த எடைமேடை ஆள் எடையையெல்லாம் அவ்வளவாகச் சட்டை செய்யாது. ஆனால் டன்னுக்கு மட்டும் தனி மரியாதை. கம்பி ஏற்றி வந்த ஒருவன், எடை கூடுதலாகக் காட்டுகிறது என்று சண்டைக்கு வந்தான். இறங்கிப் பார்த்தால் மேடையின் ஓரத்தில் டன் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். “அண்ணே, உங்களையும் சேர்த்து நான் எங்க கொண்டுபோய் இறக்குவேன்?” என்று அந்த டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டானாம். இதில் பொய் இருந்தால் அது டிரைவர் சொன்ன பொய், என்னுடையது இல்லை.

டன்னின் முழங்கால் மடங்க மறுத்தது. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வந்தது. மனைவி பக்கத்தில் விழித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருப்பாள். கடைசியில் எடை குறைவதற்காக டாக்டர் அவனுடைய இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைத்தார்.

வெட்டி எடுத்ததோடு பசியும் போய்விட்டது. சொல்லிக்கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிற குடித்தனக்காரன் மாதிரி. முதலில் தண்ணீர், பிறகு வடிகட்டிய சூப்பு, பால், பிறகு மிக்ஸியில் அரைத்த கூழ். எதைப் போட்டு அரைத்தாலும் மிக்ஸியிலிருந்து ஒரே நிறத்தில் வந்தது. மணி அடித்தால் குடித்தான். பிடிக்கவும் இல்லை, குமட்டவும் இல்லை. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. “அண்ணே, இப்ப நீங்க அரை டன்தான்” என்று லாரிக்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் அவனும் சிரித்தான். கண்ணாடியில் தெரிந்த ஆள் ஒடுங்கிக்கொண்டே போனான். அதை வேறு யாருக்கோ நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி தையற்கடையில் வேலை செய்கிறாள். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, அளவு பிடிப்பது. அவனுடைய கால்சட்டைகளை அவளே பிரித்துப் பிரித்துச் சிறிதாக்கினாள். இருவருக்கும் பேச்சு என்பது எப்போதும் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கடைசித் துண்டு யாருக்கு என்று சண்டை போட்டு, அந்தச் சண்டைக்கு நடுவிலேயே குடும்பத்துக்கான முடிவு எல்லாம் எடுத்தார்கள். வீடு மாற்றியது அப்படித்தான். பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொன்னதைப் பேசி முடித்ததும் அப்படித்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவன் எதிரில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “நீங்க ஒரு வாய் மென்னு சாப்டுங்க, நானும் வந்து உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் உங்க முன்னால என்னால முழுங்க முடியாது” என்றாள். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் போய்ச் சாப்பிட்டாள். மெல்லுகிற சத்தம் அவனுக்குக் கேட்டுவிடக்கூடாதென்று வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டுச் சாப்பிட்டாள். வாளி நிரம்புவதற்குள் எழுந்துவிடுவாள். அவளுடைய வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கத் தொடங்கியது. டன்னுக்கு உலகத்தில் மிச்சமிருந்த வேலை ஒன்றே ஒன்று: அவளை அந்த நாற்காலிக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். அதை ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. முடிக்காமல் வைத்த வேலை, அவ்வளவுதான்.

கெட்டியான சாப்பாட்டுக்கு அனுமதி வந்த நாளன்று மைத்துனன் வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். மனைவியின் தம்பி, அவனும் லாரி ஓட்டுகிறவன். ஆவியில் வேகவைத்த மீன், ஒரு முட்டை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மா, ஒரு சின்ன கப் வரைக்கும் என்று சொல்லியிருந்தாள். டன் கப்பை எடுத்தான். மீனை உதிர்த்துப் போட்டான், முட்டையை நறுக்கிப் போட்டான், விளிம்பு வரைக்கும் கரண்டியால் அழுத்தினான்.

“அவ்வளவுமா?” என்றாள் மனைவி.

“பர்மிட்டு இருக்குடி.”

“அப்படிச் சொல்லுங்க மாமா! பர்மிட்டு இருக்கறப்ப எவனாவது பாதி லோடோட வண்டிய எடுப்பானா?” என்றான் மைத்துனன்.

லாரித் தொழிலில் அப்படித்தான். அனுமதித்த எடை என்றால் அதுவரைக்கும் ஏற்றியே தீர வேண்டும்; குறைத்து ஏற்றிக்கொண்டு போகிறவனை ஊரே கேலி செய்யும். டன் ஒவ்வொரு வாயையும் ஒழுங்காக மென்றான். பாதிக் கப்பில் மூக்கில் நீர் வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே எதுவோ அழுத்தியது. போதும் என்று வயிறு சொல்லும் பாஷை அது. அவனுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஒரு கப் என்று சொல்லியிருக்கிறார்கள், முடித்தான்.

முடித்ததும் ஒரு முழுச் செங்கல் நெஞ்சில் குறுக்காகக் கிடந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயிலிருந்து நுரை நுரையாக வடிந்தது. மனைவி துண்டோடு நின்றாள். மைத்துனன் மட்டும், “வண்டிய ஓரங்கட்டுங்க மாமா, ஓரங்கட்டுங்க” என்று அர்த்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தான்; பயந்தால் அவனுக்கு வேறு வார்த்தை வராது. ஒரு வழியாக எல்லாம் வெளியே வந்தது. டன் முகம் கழுவினான். மேசையைத் துடைத்தான். இனி வேண்டாமென்று உள்ளே வைத்திருந்த மிக்ஸியை எடுத்து மறுபடியும் அதன் இடத்தில் வைத்தான்.

பின்பக்கம் குழாய்ச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவன் கூழைத் தவிர எதையும் தொடவில்லை. ஆஸ்பத்திரி அம்மா போனில் கேட்டபோது, “சாப்பிடறேன் மேடம்” என்று சொல்லிப் பார்த்தான்.

“எவ்வளவு சாப்பிடறீங்க சார்?”

“முழுக் கப்பு.”

“முழுசாவா? உள்ள போகுதா?”

அவனுக்குப் பொய்யை மேலே நகர்த்தத் தெரியவில்லை. போகவில்லை என்றான். நடந்ததைச் சொன்னான்.

“சார், ஒரு கப் வரைக்கும்னா அதுக்கு மேல போகாதீங்கன்னு அர்த்தம். அதை ரொப்பணும்னு யார் சொன்னா?”

“அனுமதிச்சது அவ்வளவுன்னீங்களே மேடம்.”

“அனுமதிச்சா?”

“ஏத்திடணும்.”

அந்தப் பக்கத்தில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. “கப்பைத் தூக்கி உள்ள வச்சிடுங்க. ஒரு துண்டு எடுத்து வாயில போடுங்க. நல்லா மெல்லுங்க. மூக்குல தண்ணி வந்தாலோ, நெஞ்சு அழுத்தினாலோ அதோட நிறுத்துங்க. பாதித் துண்டு மிச்சமா? கிடக்கட்டும்.”

“பசியே இல்லையே மேடம்.”

“கொஞ்ச மாசத்துக்கு வராது சார். பசி வந்தப்புறம் பாத்துக்கலாம்னு உக்காந்தா இந்த வருஷம் பூரா கூழுதான்.”

டன் வாழ்நாளில் தட்டில் மிச்சம் வைத்தவன் இல்லை. அடுத்தவர் தட்டிலும் வைக்க விட்டவன் இல்லை. போனை வைத்துவிட்டு, அடுத்த லாரியை மேடையில் ஏறச் சொன்னான்.

ஒரு மத்தியானம் கிடங்குப் பக்கம் மின்சாரம் போய்விட்டது. எடைமேடை கண்ணை மூடிக்கொண்டது. லாரிகள் சாலை ஓரமாக வரிசை கட்டி நின்றன. முதலாளி, “போய்யா வீட்டுக்கு” என்றார். வீட்டுக்கு வந்தால் தையற்கடைக்கும் சாப்பாட்டு இடைவேளை. பின்பக்கம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மடியில் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு. இன்னொரு வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் தட்டைத் துணிக்கூடைக்குப் பின்னால் தள்ளினாள்.

“என்ன, இந்த நேரத்துல?”

“கரண்ட் இல்ல.”

“கூழு கலக்கட்டா?”

“எதுக்குடி ஒளிச்சு வைக்கற? திருடிட்டா வந்த?”

“யாரு ஒளிச்சா? நீங்க மிதிச்சிடப்போறீங்கன்னு தள்ளி வச்சேன்.”

அவன் குழாயை மூடினான். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். முன்னெல்லாம் அவன் உட்கார்ந்தால் அந்தக் கல்லுக்கு ஓரம் தெரியாது. இப்போது பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. கூடைக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்தான். உருளைக்கிழங்கில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான்.

“ஐயோ, அரைக்காம! இருங்க, துண்ட எடுத்துட்டு வரேன்.”

உட்காரு என்று கையால் காட்டினான். மென்றான். வாயில் ஏதோ மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான். உப்பு இருக்கிறதா, மிளகு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. அவள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினான். காத்திருந்தார்கள்.

“போச்சா?”

“போயிடுச்சு.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“எப்படி இருக்கு?”

“ஒண்ணும் தெரியல. உனக்குச் சோறு ஆறிப்போகுது, சாப்டு.”

தட்டை அவள் மடியில் வைத்தான். அவள் ஒரு வாய் எடுத்தாள். எடுத்ததைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“சொன்னயில்ல?” என்றான். “நான் மென்னு சாப்ட்டாச்சு.”

அவள் சாப்பிட்டாள். அவன் இன்னொரு துண்டை எடுத்துக் கொஞ்சம் கடித்து, நெடுநேரம் மென்றான். அவள் தட்டு பாதி காலியான பிறகும் அவன் அதே வாயை மென்றுகொண்டிருந்தான். நெஞ்சுக்குக் கீழே லேசாக ஓர் அழுத்தம். மூக்கைத் துடைத்துக்கொண்டான். கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தான். தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“இதை என்ன பண்ண?” என்றாள்.

“கிடக்கட்டும்.”

“நீங்களா சொல்றீங்க?”

“நான்தான்.”

அன்று சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்து மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். மேசைமேல் மடித்துக் கிடந்த கால்சட்டைகளை எடுத்து அலமாரியில் போட்டாள். அவன் தட்டில் ஒரே ஒரு துண்டு மீன். அவள் தட்டில் சோறு.

“மீன்ல உப்பு தூக்கலா இருக்கா?”

“தெரியல.”

“எனக்குத் தூக்கலா இருக்கு.”

“அப்ப இருக்கும்.”

சந்தோஷம் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வரவில்லை. மீன் வாயில் இருந்தது, பிறகு இல்லை. அவள் கடையில் ஒருத்தி ஒரு சட்டைக்கு இடது கையையே இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் நடுவில் ஒரு கேள்வி கேட்டான். அவள் பதில் சொல்லிக்கொண்டே எழுந்து போய், இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு, திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.