பதினேழா, பதினெட்டா?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கட்டிய படிக்கட்டுகளோ ஆயிரத்துக்கு மேல். ஒன்றில்கூட எவனும் தடுக்கி விழுந்ததில்லை. என்ஜினியர் காகிதத்தைப் பிரிப்பதற்குள் இத்தனை படி என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் பேத்தி கணக்கில் முப்பத்துநாலு வாங்கி வந்தாள். ஒரே மார்க்கில் பெயில்!

விடைத்தாளைப் பிடுங்கினேன். ஒன்பது அடி உயர மாடிக்கு ஆறு அங்குலப் படிகள் எத்தனை கட்ட வேண்டும் என்று கேள்வி. பதினேழு என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. பக்கத்தில் சிவப்பு மையில் முட்டை.

பதினேழுதானே சரி? பதினெட்டாவது படி மாடித் தரையே அல்லவா! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருமகள், "மாமா, சாப்பிட்டுட்டாவது போங்க" என்பதற்குள் தெருவில் இருந்தேன்.

பள்ளியில் பெஞ்சைக் காட்டினார்கள். யார் உட்காருவது? டீச்சர் வருவதற்குள் மூன்று தடவை மாடி ஏறி இறங்கினேன். நாலாவது படி அரை அங்குலம் கூடுதல். எவன் கட்டினானோ.

"வழிமுறை எழுதலையே ஐயா. அதோட, விடை பதினெட்டு."

"டீச்சரம்மா, நீங்க எத்தனை படி கட்டியிருக்கீங்க?"

சாக்பீசை எடுத்துப் பலகையில் வரைந்தேன். அவர் விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினார்.

"அட, ஆமா! இதை அவ எழுதியிருந்தா முழு மார்க்."

"மனசுல போட்டிருப்பா. என் ரத்தம்மா!"

"அப்ப அவளையே கேட்டுடுவோம்."

பேத்தி வந்தாள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"பதினேழு எப்படிம்மா வந்துச்சு?"

என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். "நூத்தியெட்டை ஆறால வகுத்தேன் டீச்சர். மிச்சம் ஆறு வந்துச்சு. கொஞ்சம்தானேன்னு விட்டுட்டேன்."

"அந்த மிச்சம் ஆறுதாண்டி மாடித் தரை!" என்று கத்திவிட்டேன்.

"அப்படியா தாத்தா?" என்றாள் கண்ணை விரித்து. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா!

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தம் விடைக்குறிப்பில் பதினெட்டுக்குப் பக்கத்தில் பதினேழும் எழுதினார். ஐந்தாம் வகுப்புக்காரன் சொல்லி ஒரு பள்ளிக்கூடமே விடையைத் திருத்தியது. ஊரில் வேறு எவனாவது செய்திருக்கிறானா? ஆனால் முட்டை முட்டையாகவே இருந்தது. திங்கட்கிழமை மறுதேர்வு.

யார் கேட்டாலும் இன்றும் சொல்கிறேன்: விடை சரி. அதைப் போட்டவள்தான் தப்பு.