வெள்ளிக்கிழமை உதை

வெள்ளிக்கிழமை விடிந்தாலே அம்சவேணிக்கு வலது கணுக்கால் வலிக்கத் தொடங்கிவிடும். ஆந்திர எல்லை ஊரான நகரியில் மற்ற பெண்கள் அன்றைக்கு வீடு கழுவி விளக்கேற்றுவார்கள். இவளும் அதையெல்லாம் செய்வாள். செய்து முடித்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசலில் நிற்கும் புல்லட்டை உதைப்பாள். ஒரு மாதமா, இரண்டு மாதமா, பன்னிரண்டு வருஷம் உதைத்தாள் அந்த மகராசி.

வண்டி அவள் புருஷன் கோவர்த்தனனுடையது. எண்பத்தொன்பதில் சித்தூரில் போலீஸ் வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்தது. அந்தக் காலத்தில் புல்லட்டில் வருகிறவர் ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் மிலிட்டரி, அதுவும் இல்லாவிட்டால் ஊர்ப் பெரிய மனிதர். கோவர்த்தனன் இதில் எதுவும் இல்லை. விசைத்தறி வேட்டியையும் துண்டையும் மூட்டை கட்டித் திருப்பதிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். ஆனால் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவன் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அவசரமே இல்லாத டுப் டுப் சத்தம், தறிகளின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். அவன் தெருமுனை திரும்பும்போதே இவள் உலை வைத்துவிடுவாள்.

அப்புறம் ஜப்பான் கம்பெனிக் கூட்டில் வந்த சின்ன பைக்குகள் ஊரை நிரப்பின. கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் போதும், நாளெல்லாம் ஓடும். ஒற்றைக் கையால் தள்ளலாம். "இன்னாபா, இன்னும் யானைக்குத் தீனி போட்டுகினு கீறியா?" என்று கோவர்த்தனனைக் கேலி செய்தார்கள். கடைக்காரர்களும் லாரியில் வந்திறங்கும் மலிவுத் துணிக்கு மாறினார்கள். யானை இருந்தது, சுமக்க மூட்டைதான் இல்லை. தொண்ணூற்றாறில், மகள் காவ்யாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, அவன் குவைத்துக்கு டைல்ஸ் ஒட்டும் வேலைக்குக் கிளம்பினான்.

கிளம்புகிறவன் பெண்டாட்டிக்கு என்ன சொல்லிவிட்டுப் போகவேண்டும்? இவன் சொன்னது இது. "வாரத்துக்கு ஒருவாட்டி வண்டிய ஸ்டார்ட் பண்ணிடு அம்சா. இல்லாங்காட்டி இஞ்சின் ஜாமாயிடும்."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க."

"ஓட்டச் சொல்லல. உதைக்கத்தான் சொல்றேன். முகப்புல கீற இந்தச் சின்ன முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கர மெதுவா அழுத்து. அப்புறம் ஒரே மிதி. அவசரப்பட்டா திருப்பி அடிச்சிடும்."

மூன்றாம் மாதமே திருப்பி அடித்தது. கிக்கர் எகிறி வந்து கணுக்காலில் விழுந்த அடியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. புத்தூருக்குப் போய் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு வாரம் வண்டி சும்மா நின்றது. போனில் கேட்டவனிடம், பேட்டரி போய்விட்டது என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குத்தான் அவன் கூப்பிடுவான். எட்டு வீடு தள்ளி சென்னம்மாவின் டெலிபோன் பூத். பேச்சு இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிறகு, "வண்டி சத்தத்தக் காட்டு" என்பான். அதற்காக அவ்வளவு கனமான வண்டியை எட்டு வீடு தூரம் தள்ளிக்கொண்டு போய், பூத் வாசலில் நிறுத்தி, உதைத்து, ரிசீவரை ஒயர் எட்டும் மட்டும் இழுத்துப் பிடிப்பாள். தெருவே பார்த்துச் சிரித்தது. சிரிக்கிறவர்கள் ஒரு கை கொடுத்துத் தள்ளியிருக்கலாம், அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. செல்போன் வந்த பிறகுதான் தள்ளுகிற வேலை ஒழிந்தது. உதைக்கிற வேலை ஒழியவில்லை.

ஏழாவது வருஷம் கிளட்ச் கம்பி மாட்ட வந்த மெக்கானிக் வீராசாமி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இஞ்சின்ல கொஞ்சம் ஆயில ஊத்தி மூடி வெச்சிருந்தா வருசக்கணக்கா அப்டியே நிக்குமேம்மா. வாரா வாரம் உதைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டான். அம்சவேணி அவனுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல உதைத்தாள்.

காலம் திரும்பியது. யானை என்று சிரித்த ஊரிலேயே பையன்கள் அந்த வண்டியை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஸ்ரீஹரி என்கிற திருப்பதிப் பையன் நாலு முறை வந்தான். டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். "இப்பல்லாம் வலது பக்கம் கியர் வெச்ச வண்டி அதிகம் வர்றதில்லக்கா. நீங்க எப்ப சொன்னாலும் நான் எடுத்துக்கறேன்." காவ்யாவும் அலுத்துக்கொண்டாள். "செல்ஃப் ஸ்டார்ட் புல்லட்டே வந்துடிச்சிமா. பட்டனத் தொட்டா போதும்."

"உங்க நைனா வரட்டும்" என்றாள் அம்சவேணி. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் வருகிற நாளில் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு இந்தக் காலால் அந்தக் கிக்கரைத் தொடவே கூடாது.

நடுவில் ஒருமுறைகூட லீவில் வராதவன் இரண்டாயிரத்து எட்டில் வந்தான். தண்ணீர் கொடுப்பதற்கு முன் சாவியைக் கொடுத்தாள். தெரு கூடி நின்றது. கோவர்த்தனன் வண்டியருகே போய் முள்ளைப் பார்த்து அழுத்தினான். முட்டி மடங்கவில்லை. இரண்டாம் முறை பாதியில் கால் நழுவியது. மூன்றாம் முறை ஐயோ என்று முனகிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டுக் கிடந்த முட்டி, வேறு எப்படி இருக்கும்? கூட்டம் மெல்லக் கலைந்தது.

"அந்தத் திருப்பதிப் பையன வரச் சொல்லு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இந்தச் சொல்லைத்தானே இத்தனை நாளும் எதிர்பார்த்துக் கிடந்தாள்? கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"வாரா வாரம் என் உசுர வாங்கினு, இப்ப விக்கச் சொல்றீங்களா?"

"போன்ல வண்டி சத்தத்துக்கு முன்னாடி நீ மூச்சு வாங்கறது கேக்கும் அம்சா. பக்கத்துலயே நிக்கிறா மாதிரி இருக்கும். அத்தக் கேக்கத்தான் காட்டச் சொல்லுவேன்."

"எனக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சே உதைக்கச் சொன்னீங்களா?"

அவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டான். அவள் உள்ளே போகத் திரும்பினாள். அப்போதுதான் அவன் அவள் நடையைக் கவனித்தான்.

"காலு இன்னா ஆச்சி?"

"புத்தூர் கட்டு. நீங்க போன மூணாம் மாசம்."

"சொல்லவேயில்லியே."

"சொல்லியிருந்தா உதைக்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை அவன் முட்டியைக் காட்டத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றான். அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். வண்டி இரண்டாம் உதையில் எடுத்தது. அவன் முன்னால் ஏறினான், அவள் பின்னால் உட்கார்ந்தாள். புத்தூர் ரயில்வே கேட்டில் வண்டி அணைந்துபோனது. கேட் திறந்ததும் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"நவுந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அம்சவேணி கீழே இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகினாள்.