மாடியில் பீப் சத்தம்

வாஷிங் மெஷின் பீப் என்றால் போதும், பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார் அக்கா. என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. அப்படி ஒரு சத்தத்தை வைத்துத்தான் புருஷனையே பிடித்தார் என்று இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. ஊர் வாய் கிடைத்ததை மெல்லும். அன்றைக்குக் கீழே கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் நான், நடந்ததைச் சொல்கிறேன்.

அது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், கரகரவென்று தாள் துப்பும் ஒரு பிரிண்டர். சோதனை மெஷின் தரும் எண்களைப் படித்து ஆளுக்கொரு ரிப்போர்ட் அடிக்கும் ஸ்கிரிப்ட், அதாவது சின்னப் புரோகிராம், அக்கா எழுதியது. அதன் தலையிலேயே ஒரு வரி: தப்பு வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ. வேலை நிற்கவே நிற்காது. அக்காவுக்கு அதில் ஏகப் பெருமை.

ஒருநாள் ரத்தம் எடுக்கிறவர் இரண்டு தாளோடு மாடி ஏறினார்.

“மேடம், ரெண்டு பேருக்கும் எப்படி ஒரே சக்கரை? ரெண்டாவது ஆளு கீழ அழுதுட்டிருக்காரு. இதை நம்பி மாத்திரை போட்டா ஆளு காலி!”

இரண்டாமவரின் எண்ணைப் படிக்க முடியாமல் ஸ்கிரிப்ட் தடுக்கி, வாயைத் திறக்காமல் முன்னவரின் எண்ணையே அவர் தலையில் கட்டியிருந்தது. அக்கா இறங்கி அவரிடம் ஓடிவந்தார். “இது உங்க எண்ணே இல்லீங்க. தப்பு என்னோடது.”

அன்றே அந்த வரியை அழித்து, ஸ்கிரிப்ட்டுக்குப் புதுக் கட்டளை எழுதினார்: ஒவ்வொருவருக்கும் முதலில் பழைய எண்ணைத் துடை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் ரிப்போர்ட் அடிக்காதே, பெயரைக் காட்டி பீப் அடி.

முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். “என்னம்மா இப்படிக் கத்துது? வர்றவங்க பயப்படறாங்க.”

“கத்தாமப் போனாத்தான் சார் பயப்படணும்.”

பெயர், வயதெல்லாம் கீழே இன்னொரு கம்ப்யூட்டரில் தட்டித் தருபவர் ரத்தம் எடுக்கிறவர். அதனால் பீப் கேட்டால் மாடி ஏறுவதும் அவர்தான். வரவர பீப் கூடியது. அவர் சட்டையும் இஸ்திரி பார்த்தது. “மாப்ளே, மேல கூப்பிடுது” என்று கண்ணடிப்பேன். இன்று அந்த இடத்தில் செருப்புக் கடை. கடக்கும்போதெல்லாம் என் காது தானாக மாடிக்குப் போகும்.

போன வாரம் அக்கா வீட்டில் அந்தப் பழைய பேச்சை எடுத்துவிட்டேன். அக்கா துணி மடித்தபடியே சொன்னார்:

“நான் கத்த வெச்சு இவரை வரவெச்சேனா? நல்லா இருக்குண்ணே கதை! என் ஸ்கிரிப்ட்டு தப்பு இருந்தாத்தான் கத்தும். இவருதான் தெனம் யாரோ ஒருத்தர் வயச வேணும்னே காலியா விட்டு அனுப்புவாரு.”

நாற்காலியிலிருந்த கணவர் செய்தித்தாளை முகம் மறையும்படி உயர்த்திக்கொண்டார்.