மூட்டை மேல் இருந்த லேப்டாப்

ஆன் பண்ணி அரை மணி நேரம் ஆனால் போதும், எங்கள் லேப்டாப்பிலிருந்து ஏலக்காய் வாசம் வரும்...

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம். வீட்டு முன்னறைதான் குடோன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த அரசு லேப்டாப்பில்தான் ஏல விலையைப் பார்ப்பார். மேசையெல்லாம் அவருக்குச் சரிப்படாது. மூட்டை மேல் வைத்துத்தான் பார்ப்பார்.

நான் காலேஜ் முடித்த வருஷம், வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கும் வேலை ஒன்று வந்தது. திங்கட்கிழமை ஆன்லைன் டெஸ்ட், இரண்டு மணி நேரம். நடுவில் சிஸ்டம் நின்றால் வேலை கிடையாது.

எங்கள் லேப்டாப்போ... ஆன் பண்ணிவிட்டு டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனேன்.

"இத வச்சு மல்லுக்கட்டாதம்மா, புதுசா வாங்கிரு" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

"அண்ணே, இதுக்குச் சேர்ற எஸ்எஸ்டி ஒண்ணு, ரேம் ஒண்ணு குடுங்க. நானே மாட்டிக்கிருவேன்."

"மாட்டத் தெரியுமா?"

"தெரியும்ணே."

எங்கே தெரியும்? மூன்று வீடியோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் செய்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை பாயை விரித்து உட்கார்ந்தேன். அடியில் இருந்த இரண்டு சின்ன மூடிகளைக் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைவிட வேகமான எஸ்எஸ்டியை மாட்டினேன், பக்கத்திலேயே புது ரேம். ஆன் பண்ணினால் கறுப்புத் திரை! ரேமை எடுத்து மறுபடி அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றினேன். அதன் பிறகு பட்டனைத் தொட்டதும் திறந்தது. வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். அரை மணி நேரம்... கொதித்துப் போய் தானாக அணைந்துவிட்டது. அழுகை வந்துவிட்டது.

இந்தத் தடவை அடிப்பக்கம் முழுவதையும் கழற்றினேன். ஃபேன் நிறைய ஏலக்காய்த் தூசி, காய்ந்த தோல், சாக்கு நார்!

"சாக்கு மேல வைக்காதீகன்னு எத்தன தடவ சொன்னேன், அத்தா?"

அத்தா குனிந்து பார்த்தார். "அதுவும் மூச்சு விடும்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

சொல்லிவிட்டுப் புது பிரஷ் ஒன்றை வாங்கி வந்து, ஒவ்வொரு துணுக்காக அவரே எடுத்தார்.

திங்கட்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தேவாரம் ஊரிலிருந்து சரக்கோடு வந்தவரிடம், "உள்ள எம்மக பரீச்ச எழுதுது. யாவாரத்த நாளைக்கு வச்சுக்கிருவோம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. இரண்டு மணி நேரமும் லேப்டாப் நிற்கவில்லை. வேலை கிடைத்தது.

இன்று கம்பெனி கொடுத்த லேப்டாப். ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது, மூடியைத் தொடக்கூடாது. மெதுவானால் கம்பெனிக்கு 'டிக்கெட்' என்று ஒரு புகார் போட வேண்டும். சென்னையிலிருந்து யாரோ மவுஸை நகர்த்துவார்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன்.

நல்ல வேகம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள்கூட இது என்னுடையது என்று தோன்றியதில்லை.