ரேடியோகிராமுக்கு ஒரு பல் டாக்டர்

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, வலிக்காது" என்றபடி ரேடியோகிராமின் மூடியைத் தூக்கி, வாய் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுத் துழாவுகிறார் பல் டாக்டர். கிளினிக்கில் கடைசி ஆள் போனதும் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு நேரே வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார். சுவரோரமாக நீட்டிப் படுத்திருக்கும் தேக்குப் பெட்டி அது. நடுவில் ரெக்கார்டு சுழலும் தட்டு, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு இணைப்பாகத் துடைக்கிறார். "எவ்வளவு அழுக்கு பாருங்க. ராத்திரி துலக்குறதே இல்லை போல." பெட்டியிடம்தான் சொல்கிறார்.

பெட்டி மாமியாருடையது. மாமனார் போன பிறகு மகள் வீட்டோடு வந்தவர், "மத்ததெல்லாம் யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இதை மட்டும் கூடவே கொண்டுவந்தார். வழியில் எங்கோ அடிபட்டு அது ஊமையாகிவிட்டது. "நான் பார்க்கிறேன் அத்தை" என்று டாக்டர் முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தெருவே அவரிடம் பல்லைக் காட்டுகிறது, மாமியார் மட்டும் காட்டியதில்லை. "சம்பந்தம் பேசும்போது டாக்டர்னுதான் சொன்னாங்க. பல் டாக்டர்னு யாரும் சொல்லலை" என்பது அந்த அம்மாளின் தீராத வழக்கு. எப்படியாவது அவரிடம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று மனுஷர் தவியாய்த் தவிக்கிறார்.

அந்தத் தவிப்பில்தான் கோட்டை விட்டார். துடைத்து முடித்ததும் மோட்டார் ஓடியது, ஸ்பீக்கர் இருமியது. முள்ளைத் தாங்கும் கை மட்டும் அடியில் லொடலொடவென்று ஆடியது. ஆடுகிற எதையும் கண்டால் இவரால் சும்மா இருக்க முடியுமா? பல்லுக்கு வைக்கும் சிமெண்டை எடுத்து அடித்தண்டில் அப்பிவிட்டார். இறுகியது என்றால் அப்படி ஒரு இறுக்கம். ரெக்கார்டின் மேல் நகர வேண்டிய கை இம்மிகூட அசைய மறுத்தது.

"என்னங்க, இதுக்கு மாத்துக் கை எங்க தேடியும் கிடைக்காதே" என்றாள் மனைவி.

"தெரியும். சத்தம் போடாதே."

"நான் எங்க போட்டேன்? அம்மா உங்க பின்னாடிதான் நிக்கிறாங்க."

இனி மறைத்துப் பயனில்லை. "தப்புப் பண்ணிட்டேன் அத்தை. சிமெண்டைக் குடைஞ்சுதான் எடுக்கணும். கொஞ்சம் பிசகினா கை உடைஞ்சிடும்." மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

டிரில்லை எடுத்தார். சுரண்டி, ஊதி, மறுபடி சுரண்டினார். வாய் ஓயாத மனுஷர் அன்றைக்குப் பெட்டியிடம் 'வலிக்காது' என்று சொல்லக்கூட மறந்துவிட்டார். கடைசித் துணுக்கு உதிர்ந்த பிறகு பார்த்தால், ஆட்டத்துக்குக் காரணம் அடியில் தளர்ந்திருந்த ஒரு திருகு. முதலிலேயே அதை முடுக்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். முடுக்கினார். ஒரு விரலால் தள்ளியதும் கை சொன்னபடி கேட்டது.

தட்டு சுழன்றது. கொஞ்சம் கரகரப்பு, பிறகு ஒரு பெண் குரல் கூடம் நிறையப் பாடியது. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது, டாக்டருக்கும்தான்.

ரெக்கார்டு முடிந்ததும், பாராட்டு வருமா, பழைய வழக்கு வருமா என்று டாக்டர் அந்த முகத்தையே பார்த்தார். மாமியார் மெல்லக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இந்தப் பக்கம் ரொம்ப நாளா ஒரு குடைச்சல் மாப்பிள்ளை" என்றவர், நாற்காலியை விளக்குப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பெரிதாக வாயைத் திறந்தார்.